பச்சைக் கோட்டும் ரோஜாக் காலரும்

சப்பட்டையான சாக்கட்டியை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, அந்தக் கை பச்சைத் துணியின்மேல் ஒரு கோடு இழுத்தது. கோடு தோளில் தொடங்கி வளைந்து கக்கத்தில் வந்து நின்றது. இடது கை டேப்பை எடுத்து அதை மறுபடி அளந்தது. சரியாக இருந்தது. சரியாக இருக்கும் என்று தெரிந்துதான் அளந்தது. பிறகு கத்திரிக்கோல் துணிக்குள் இறங்கியது. எங்கும் நின்று யோசிக்காமல் ஒரே ஓட்டமாக ஓடி வளைவை முடித்துவிட்டு வெளியே வந்தது.

பக்கத்தில் ரோஜா நிறத்தில் ஒரு முழத் துணி கிடந்தது. கை அதன் பக்கம் போகவில்லை. ஒரு தடவை போய்ச் சுருக்கம் எடுப்பதுபோலத் தடவியது. உடனே பச்சைக்கே திரும்பிவிட்டது. பச்சைக் கோட்டுக்கு ரோஜாக் காலர் வைப்பது அந்தக் கைக்குப் புளியங்காயைக் கடித்தமாதிரி கூசியது.

கைக்குச் சொந்தக்காரி முத்துராணி. 1996ஆம் வருஷம் அவளுக்கு நாற்பது வயது. திருநெல்வேலிப் பேட்டையில் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் சந்தில், வீட்டு முன்னறையையே தையல்கடையாக வைத்திருந்தாள். பிறந்தது களக்காட்டுக்குப் பக்கத்தில், வாழைத்தார் சுமக்கிற குடும்பத்தில். பதினெட்டு வயதில் பேட்டை லேத்துப் பட்டறைத் தொழிலாளி சங்கிலிபூதத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மாமனார் தையல்காரர். பொம்பளைக்கு மெஷின் எதற்கு என்ற கட்சி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் தூங்குகிற ஒன்றரை மணி நேரத்தில், அவர் தைத்து வைத்த சட்டையை முத்துராணி நூல் நூலாகப் பிரிப்பாள். எந்தத் துண்டு எந்தத் துண்டோடு எப்படிச் சேருகிறது என்று பார்ப்பாள். அவர் எழுவதற்குள் திரும்பத் தைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். நாலு மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் மாமனார் ஒரு சட்டையை எடுத்து, தன் தையல் இவ்வளவு நேராக இருக்காதே என்று வெகுநேரம் பார்த்தார். மறுநாளிலிருந்து பட்டனுக்குக் காஜா எடுக்கிற வேலை மட்டும் அவள் பக்கம் வந்து விழுந்தது.

பிரித்துப் படித்தவள் ஆகையால், எதைப் பார்த்தாலும் மனத்துக்குள் பிரித்துவிடுவாள். துணி விஷயத்தில் அவள் சொன்னால் பேட்டையில் மறுபேச்சு கிடையாது. சாயம் போகும் என்றால் போகும். சுருங்காது என்றால் சுருங்காது. தெரியாவிட்டால் தெரியாது என்பாள். கல்யாணத்துக்குத் துணி எடுத்தவர்கள் வீட்டுக்குப் போகிற வழியில் அவளிடம் காட்டிவிட்டுப் போவார்கள். அவள் முகத்தைச் சுளித்தால் துணி அப்படியே கடைக்குத் திரும்பிவிடும்.

அப்படிப்பட்டவள் பச்சையையும் ரோஜாவையும் முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அதற்கு ஒன்பது வருஷத்துக் கதை இருக்கிறது.

1987இல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டில்லியிலிருந்து ஒரு வெளிநாட்டுத் தொடரை இந்திக் குரல் போட்டுக் காட்டினார்கள். விண்வெளியில் ஒரு கப்பல். அதற்கு டோரிக் என்று ஒரு தலைவன். வாரம் ஒரு கிரகத்தில் இறங்கி, அங்கே இருக்கிற சண்டையைத் தீர்த்துவிட்டு, நன்றியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் கிளம்பிவிடுவான். திருநெல்வேலி டவுனில் அம்பலவாணன் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன்னால் தெருவே கூடிவிடும். அம்பலவாணன் நெடுஞ்சாலைத் துறையில் சூப்பிரண்டு. பழைய நிலக்காரக் குடும்பம். நிலம் போய்விட்டது, தோரணை போகவில்லை. இந்திப் பரீட்சை இரண்டு எழுதியவர் என்பதால் வசனங்களைத் தமிழ்ப்படுத்துகிற பொறுப்பும் அவருடையதே. டோரிக் கண்கலங்கி மூன்று நிமிஷம் பேசுவான். எல்லோரும் அம்பலவாணனைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"கிளம்பலாம்ங்கான்" என்பார் அவர்.

அவர் மனைவி நீலாம்பாளுக்கு ரவிக்கை அளவெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போன முத்துராணி, வாசற்படியோரம் தரையில் உட்கார்ந்து இதைப் பார்த்தாள். கதை அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. டோரிக்கின் கோட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. முன்பக்கம் பட்டன் இல்லை. பின்பக்கம் திறப்பு இல்லை. தலைவழியாகப் போடலாம் என்றால் கழுத்து ஒடுக்கம். இவன் இதற்குள் எப்படி நுழைந்தான்? அதற்காகவே ஆறு ஞாயிறு போனாள். ஏழாவது ஞாயிறு, யாருக்கோ வணக்கம் சொல்ல டோரிக் கையை உயரத் தூக்கினான். கக்கத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரு கோடு இடுப்புவரை இறங்கியது.

"அங்கன இருக்கு!" என்று முத்துராணி கத்திவிட்டாள்.

அந்த நேரத்தில் ஒரு கிரகம் வெடித்துக்கொண்டிருந்தது. ஆகவே யாரும் அவளைத் தப்பாக நினைக்கவில்லை.

தொடர் முடிந்ததும் அம்பலவாணன் தலைமையில் 'நெல்லை விண்தோணி நேயர் பேரவை' உதயமானது. விண்தோணி என்பது கப்பலுக்கு அவர் வைத்த பெயர். குருபிரசாத் என்ற பாங்குக் குமாஸ்தா செயலாளர். மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு தீர்மானம், சுண்டல். ஆண்டுவிழாவுக்குத் தலைவர் டோரிக் உடையில் மேடையேற வேண்டும் என்று முடிவானபோது முத்துராணியைக் கூப்பிட்டார்கள். பச்சைக் கோட்டு என்றார்கள். அவள் கக்கத்தில் மறைகொக்கி வைத்து ஒன்று தைத்துக் கொடுத்தாள். தைக்கிறபோதே ஒன்று கேட்டாள்.

"பச்சைன்னு யாரு அண்ணாச்சி சொன்னா?"

"யாரு சொல்லணும்? கண்ணு இருக்குல்லா? நீ தைக்கதைப் பாரு."

பச்சையாகத் தெரிந்தது வாஸ்தவந்தான். அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முகப்பில் பிளாஸ்டிக் கலர்த்தாள் ஒன்று மாட்டுவார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று கடைக்காரன் சொல்வான். அம்பலவாணன் வீட்டுத் தாள் மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி பச்சை. வானம் மேலே, புல் கீழே என்று செய்தவன் கணக்கு. டோரிக் நிமிர்ந்து நின்றால் முகம் நீலமாகவும் கோட்டு பச்சையாகவும் இருக்கும். அடிபட்டு விழுந்தால் முழுக்கப் பச்சை. ஏணியில் ஏறினால் முழுக்க நீலம். டவுனில் எல்லோருமே அந்த ஒரே கடையில் தாள் வாங்கியவர்கள் என்பதால், எந்த வீட்டில் பார்த்தாலும் டோரிக் இப்படியே இருந்தான். அம்பலவாணன் இதை ஆழமாக ஆராய்ந்து, டோரிக்கின் இனத்தார் துயரத்தில் பச்சையாகவும் எழுச்சியில் நீலமாகவும் மாறக்கூடியவர்கள் என்று பேரவை சைக்ளோஸ்டைல் எடுத்து விநியோகித்த மடலில் மூன்று பகுதிகளாகக் கட்டுரை எழுதினார். இரண்டாம் பகுதியில் தாவரங்கள் வந்தன. மூன்றாம் பகுதியில் சைவ சித்தாந்தம் வந்தது.

துணிக்கு அப்படிப் புத்தி கிடையாது என்பது முத்துராணிக்குத் தெரியும். தொடர் ஓடிய வருஷம் சரஸ்வதி பூஜைக்கு நீலாம்பாள் தாளைக் கழற்றிக் கழுவப்போட்ட ஞாயிற்றுக்கிழமை, அவள் டோரிக்கைத் தாள் இல்லாமல் பார்த்திருந்தாள். கோட்டு கறுப்புக்கு ஒரு படி கீழே, கனத்த நிறமாகத் தெரிந்தது. கறுப்பு வெள்ளைக் கல்யாணப் போட்டோக்களில் அரக்குப் பட்டு எப்படி விழுமோ, அச்சாக அப்படி. 'அரக்குல்லா இது' என்று அன்றே மனத்துக்குள் எழுதிவைத்தாள். கேட்டால் சொல்லலாம் என்றிருந்தாள். யாரும் கேட்கவில்லை.

1989இல் பேரவை உடைந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டைக் கிளைக்குத் தலைவர் ஆவுடைநாயகம். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார். அவர் தாள் மதுரையில் வாங்கியது. அதில் மேலே நீலம், நடுவில் ரோஜா, கீழே கொஞ்சம் பச்சை. ஆண்டுவிழா மேடையில் அம்பலவாணன் பச்சைக் கோட்டோடு தோன்றியதும் ஆவுடைநாயகம் எழுந்து, "இது டோரிக் இல்லவே, கிளிப்பிள்ளை" என்றார். அன்றிலிருந்து ஆற்றுக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் ரோஜா. பாலத்தைத் தாண்டிப் போனாலும் ஒருவர் வீட்டுக் காப்பியை ஒருவர் குடிப்பதில்லை. ஏழு வருஷம் இரண்டு மடல்களும் ஒன்றையொன்று 'சிலர்' என்றே குறிப்பிட்டு வந்தன.

அவர்களைச் சேர்த்துவைத்தது ஒரு கார்ட்டூன்.

1996 சித்திரையில், பம்பாயிலிருந்து வருகிற ஒரு கேபிள் சானலில் விண்தோணியின் கிளைக்கதை ஒன்று சனிக்கிழமை காலைதோறும் வரத் தொடங்கியது. டோரிக்கின் இளம்பருவம். முழுக்க வரைந்த படம். முதல் சனிக்கிழமையே அம்பலவாணன் வீட்டில் பேரவை கூடியது. இப்போது கலர்ப் பெட்டி. பழைய தாளை நீலாம்பாள் வீணாக்காமல் குளியலறை ஜன்னலில் ஒட்டியிருந்தாள். தினமும் காலை வெயிலில் அம்பலவாணன் தலை நீலமாகவும் இடுப்புக்குக் கீழே பச்சையாகவும் நின்று குளித்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு எதையும் நினைவுபடுத்தவில்லை.

பள்ளிக்கூட யூனிபாரம் பற்றிக் கேட்க வந்த முத்துராணி, பழைய இடத்தில் வாசற்படியோரம் உட்கார்ந்தாள். அம்பலவாணன் டவுனில் ஒரு பள்ளிக்கூடக் கமிட்டியின் செயலாளரும்கூட. வருஷாவருஷம் அந்தப் பிள்ளைகளின் யூனிபாரத்தை அவள்தான் தைப்பாள். சித்திரை, வைகாசி இரண்டு மாதத் தையலில் அவள் வீடு மிச்சப் பத்து மாதமும் மூச்சுவிடும்.

படம் தொடங்கியது. பெரிய கண்ணும், தீப்பிடித்த மாதிரித் தலைமுடியுமாக ஒரு பையன் துள்ளிக் குதித்து வந்தான்.

"யாருலே இவன்?" என்றார் அம்பலவாணன்.

"டோரிக்காம், அண்ணாச்சி" என்றான் குருபிரசாத்.

"இவனா? மீசையே முளைக்கலையேவே."

"சின்ன வயசுக் கதைல்லா."

"டோரிக்குக்கு ஏதுவே சின்ன வயசு? நாம பாத்திருக்கமா? நாம பாக்காத வயசு அவனுக்கு எங்கன இருந்து வந்தது?"

"மூஞ்சியைப் பாருங்க, அண்ணாச்சி" என்று பின்னால் இருந்து ஒருவர் அலறினார். "மனுச மூஞ்சி மாதிரில்லா போட்டுருக்கான்! நீலம் எங்க?"

"கோட்டைப் பாருவே கோட்டை!"

கோட்டு அரக்கு நிறத்தில் இருந்தது. நல்ல, முற்றிய அரக்கு. வாசற்படியோரத்தில் முத்துராணி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிவைத்ததைத் திருத்திக் கொடுத்தமாதிரி இருந்தது அவளுக்கு. கூடத்திலோ இழவு விழுந்திருந்தது. அணில் மாதிரி ஒரு பிராணி வந்து டோரிக்கின் தோளில் ஏறிப் பாடியபோது, இரண்டு பேர் எழுந்து வெளியே போய், என்ன பாடுகிறது என்று கேட்பதற்காகத் திரும்பி வந்தார்கள்.

குருபிரசாத் பாங்குப் பழக்கத்தில் பிழைகளுக்கு வரிசை எண் போட்டுக்கொண்டிருந்தான். பதினோரு நிமிஷத்தில் முப்பத்தேழு ஆயிற்று. அப்போது கரண்ட் போய்விட்டது. மீதிப் பாதியில் இருந்திருக்கக்கூடிய பிழைகளையும் உத்தேசமாகச் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி தலைவர் சொன்னார். எழுபத்துநாலு என்று எழுதிக்கொண்டான்.

"நீ என்ன சொல்லுத, முத்துராணி?" என்று நீலாம்பாள் அடுக்களை வாசலில் நின்று கேட்டாள்.

"அந்த அணிலு நல்லாத்தான் இருக்கு, அக்கா" என்றாள் முத்துராணி. "ஒரு குறைதான். கக்கத்துல கோடு போடலை பாத்தியளா? வரைஞ்சவன் அந்தப் பையனைச் சட்டையோடயே பெத்துட்டான்."

சொல்லப்பட்ட எழுபத்தைந்து குறைகளில் நிஜமான குறை அது ஒன்றுதான். குருபிரசாத் அதை எழுதிக்கொள்ளவில்லை.

மறுவாரம் ஆவுடைநாயகம் ஏழு வருஷத்துக்குப் பிறகு பாலம் தாண்டி வந்தார். இரண்டு தலைவர்களும் கட்டிப்பிடித்து அழாத குறை. நீலாம்பாள் கொடுத்த காப்பியை ஆவுடைநாயகம் குடித்தார். சீனி கூடுதல் என்று சொல்லாமலே குடித்தார். பம்பாய்ச் சானலுக்கு அனுப்பக் கூட்டுத் தீர்மானம் தயாரானது. நிறத்தைப் பற்றிய பகுதிக்கு மட்டும் மூன்று மணி நேரம் ஆயிற்று. முதலில், 'மேற்படி கோட்டு பச்சை அல்லது ரோஜா. எக்காரணம் கொண்டும் அரக்கு அல்ல' என்று எழுதினார்கள். 'அல்லது' என்பது பலவீனமாக இருப்பதாக ஆவுடைநாயகம் சொன்னார். கடைசியில் சமரசம் பிறந்தது: கோட்டு பச்சை, காலர் ரோஜா. ஆதியிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. அத்தாட்சியாக அதே மாதிரி ஒரு கோட்டையும் தைத்துத் தீர்மானத்தோடு அனுப்புவது, தைத்தவளிடம் ஒரு சான்றும் வாங்கி இணைப்பது என்று முடிவானது.

முத்துராணியைக் கூப்பிட ஆள் போயிற்று. அவள் அம்பலவாணன் வீட்டுக் கூடத்துக்கு வந்ததும் துணிகளையும், குருபிரசாத் தட்டச்சு செய்த தாளையும் கொடுத்தார்கள். அவள் நின்றுகொண்டே எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

'பேட்டை தையற்கலைஞர் முத்துராணி ஆகிய நான், மூலத்தொடரை 1987ஆம் ஆண்டு நேரில் கண்டவள் என்ற முறையில், மேற்படி மேலங்கி பச்சை நிறம் என்றும் அதன் கழுத்துப்பட்டி ரோஜா நிறம் என்றும் இதனால் உறுதி கூறுகிறேன்.'

"கோட்டைத் தைச்சுத் தாரேன் அண்ணாச்சி" என்றாள். "நீங்க வானவில் கலர்ல கேட்டாலும் தைச்சுத் தாரேன். உடுத்துதவுக இஷ்டம். ஆனா கண்ணால பாத்தேன்னு எப்படி எழுதிக் குடுக்க?"

"ஏன், நீ பாக்கலையா?"

"பாத்தேன். உங்க வீட்டுத் தாளைல்லா பாத்தேன்."

முத்துராணி கையாலேயே மேலும் கீழும் அளந்து காட்டினாள்.

"மேல நீலம், கீழ பச்சை. அந்த ஆளு ஏணியில ஏறுனா கோட்டும் நீலமாச்சு. பாளையங்கோட்டை அண்ணாச்சி வீட்டுல நடுவுல ரோஜாத் தாளு, அவுகளுக்கு ரோஜா. தாளைக் கழுவப்போட்ட அன்னைக்கு நான் பாத்தேன். கலரு தெரியலை, ஆனா கனம் தெரிஞ்சுது. அது அரக்கோட கனம். இப்ப கார்ட்டூன்காரன் போட்டுருக்கதும் அதான்."

ஆவுடைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் முகத்தில் சந்தேகம் மாதிரி ஒன்று ஓடியது. கண்ணாடியை மாட்டியதும் போய்விட்டது.

"தாள் இல்லாமப் பாத்தா என்னம்மா தெரியும்?" என்று வகுப்பெடுக்கிற குரலில் கேட்டார். "கறுப்பு வெள்ளை. ஒரு உலகம் கறுப்பு வெள்ளையா இருக்குமா? இருக்காது. அப்ப நிறம்னு ஒண்ணு தெரிஞ்சது எதுல? தாளுல. தாள் இல்லாட்டா நாம நெச நிறத்தையே பாத்திருக்க மாட்டோம்."

"அப்படிப் போடுங்க" என்றார் அம்பலவாணன்.

"அப்ப ரெண்டு தாளுக்கு ரெண்டு நெசமா, அண்ணாச்சி?"

"அதான் காலரை ரோஜாவா வச்சிட்டமே!" என்று குருபிரசாத் எரிந்து விழுந்தான். "முடிஞ்சுபோன விஷயத்தைக் கிளறாதீங்கக்கா."

அம்பலவாணன் சிரித்தார். கோபப்பட்டால்கூடத் தேவலை என்று நினைக்கும்படியான சிரிப்பு. "எங்க வீட்டு வாசப்படியில உக்காந்து பாத்தவ, எங்களுக்கே நிறம் சொல்லுதா பாருங்கவே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "முத்துராணி, யூனிபாரத்தை ரெடிமேடாவே வாங்கிரலாம்னு கமிட்டியில சொல்லுதாவ. நான்தான் நம்ம முத்துராணி இருக்கான்னு சொல்லிக்கிட்டிருக்கேன். ஒண்ணும் அவசரமில்லை. பைய யோசி. வெள்ளிக்கிழமை கோட்டோட கையெழுத்தும் போட்டுக் கொண்டா."

முத்துராணி துணிகளையும் தாளையும் பையில் போட்டுக்கொண்டு பேட்டைக்கு வந்தாள்.

சங்கிலிபூதத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன் தாளை வாசித்துவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "போட்டுத் தொலையேன். யூனிபாரம் போச்சுன்னா பத்து மாசம் என்ன செய்ய? பம்பாய்க்காரன் பேட்டைக்கு வந்து உன்னையக் கேக்கவா போறான்?"

"பம்பாய்க்காரன் கேக்க மாட்டான். பேட்டைக்காரி கேப்பா."

"என்னன்னு?"

"சாயம் போகாதுன்னு நான் சொன்னா, தண்ணியில முக்கிப் பாக்காம வாங்குதாளுவ. நாளைக்கு ஒருத்தி கேப்பா, யக்கா, இது டிவிக்காரனுக்கு எழுதிக் குடுத்த மாதிரியா, இல்லை நெசமாவான்னு. அவளுக்கு என்ன சொல்ல? அதுவும் ரோஜாக் காலரு. அது அவுக தாளுல கூடத் தெரியலை. கூட்டத்துல தெரிஞ்சது."

சங்கிலிபூதத்தான் கையைக் கழுவிக்கொண்டு, "உன் கையி, உன் எழுத்து" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனான். அவன் அதற்கு மேல் பேசுகிறவன் இல்லை. பேசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். சண்டை போடலாம்.

மூன்று நாள் தைத்தாள். நிறம் யாருடையதாக இருந்தாலும் வெட்டு அவளுடையது. தோளுக்குக் கான்வாஸ் வைத்து, உள்துணியின் நூலோட்டமும் மேல்துணியின் நூலோட்டமும் ஒன்றாக விழும்படி பார்த்து, கக்கத்திலிருந்து இடுப்புவரை பதினோரு கொக்கிகளைத் துணிக்குள் மறைத்துக் கையால் தைத்தாள். ஒரு கொக்கி அரைநூல் தள்ளி விழுந்தது. வெளியே தெரியாது, ஆனாலும் பிரித்தாள். ரோஜாக் காலரை வியாழக்கிழமைவரை தள்ளிப்போட்டு, அன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தைத்த மாதிரிதான் தைத்தாள். ஆனால் அதுவும் துளி கோணாமல் உட்கார்ந்தது. கோணலாகத் தைக்க அவளுக்குத் தெரியாது.

சான்றுத்தாள் மெஷினுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் குப்பிக்கு அடியில் கிடந்தது. காலரின் உள்பக்கத்தை மடித்து அடிக்கிறபோது அவள் கை நின்றது. ஜங்ஷன் பக்கத்துப் பெரிய கடைகளில் தைத்த சட்டைகளில் அந்த இடத்தில் கடையின் பெயர்ப்பட்டி இருக்கும். பழுது பார்க்க வரும் சட்டைகளில் எத்தனையோ பார்த்திருக்கிறாள். தன் பெயரை அவள் எந்தத் துணியிலும் வைத்ததில்லை. தன் தையல் தனக்குத் தெரியும், அதற்குப் பெயர் எதற்கு என்று இருந்துவிட்டாள். இப்போது வெள்ளை நாடாவில் ஒரு சாண் வெட்டினாள். கறுப்பு நூல் கோத்து, எழுத்து எழுத்தாகச் சங்கிலித் தையலில் எழுதத் தொடங்கினாள். அம்பலவாணன் பெயருக்கே ஒரு மணி நேரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்பலவாணன் வீட்டுக் கூடத்தில் இரண்டு தலைவர்களும் காத்திருந்தார்கள். குருபிரசாத் பார்சலுக்குப் பழுப்புத்தாளும் சணலும் வைத்துக்கொண்டிருந்தான். முத்துராணி கோட்டை விரித்துப் பிடித்தாள். அம்பலவாணன் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். திறப்பு எங்கே என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் கௌரவம் விடவில்லை. உள்ளே பார்ப்பதுபோலக் கழுத்தை விலக்கினார். நாடா தெரிந்தது. வாய்விட்டு வாசித்தார்.

"வெட்டும் தையலும்: முத்துராணி, பேட்டை. நிறம்: அம்பலவாணன், ஆவுடைநாயகம்."

முத்துராணி மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அந்தத் தாளுல நான் கையெழுத்துப் போடலை அண்ணாச்சி. தையலுக்கு நான் பொறுப்பு. யாரு வந்து கேட்டாலும் பதில் சொல்லுவேன். நிறத்துக்கு நான் பொறுப்பில்லை. அது நீங்க ரெண்டு பேரும் சொன்னது, நான் பாத்ததில்லை. அதைத்தான் எழுதியிருக்கேன்."

அம்பலவாணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கூடத்தில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வசனம் முடிந்து அவர் தமிழ்ப்படுத்தக் காத்திருந்த பழைய ஞாயிற்றுக்கிழமைகளைப் போல இருந்தது.

"பின்ன?" என்றார். "நீ எப்படிப் பொறுப்பாவ? நிறம் எங்களோடதுதான். ஒன்பது வருஷமா நான் சொல்லுத நிறம். மூணு கட்டுரை எழுதியிருக்கேன். பாத்தீரா வே ஆவுடைநாயகம்? பம்பாய்க்காரன் கோட்டைத் தொறந்ததும் மொத மொத நம்ம பேருதான் அவன் கண்ணுல அடிக்கும்!"

ஆவுடைநாயகம் எழுந்து வந்து நாடாவைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "என் பேரு ரெண்டாவதால்லா இருக்கு?"

"அகரவரிசைவே. அ முன்னால, ஆ பின்னால. வாத்தியாருக்குத் தெரியாதா?"

"காலரு எங்களுது. பட்டி இருக்கது காலருல. நியாயமாப் பாத்தா..."

"பம்பாய்க்காரனுக்குத் தமிழே தெரியாதே" என்று நீலாம்பாள் அடுக்களையிலிருந்து சொன்னாள். அது யார் காதிலும் விழவில்லை.

குருபிரசாத்துக்குக் காரியம்தான் கவலை. "அப்ப சான்றுக்கு என்ன செய்ய, அண்ணாச்சி? தீர்மானத்துல இணைப்பு இரண்டுன்னு எழுதியாச்சே."

"எதுக்குவே சான்று? நிறத்துக்கு நாங்க ரெண்டு பேரும் பொறுப்புன்னு கோட்டே சொல்லுது. இவ கையெழுத்தைப் பாத்தா அவன் நம்பப் போறான்? இணைப்பு ஒண்ணுன்னு திருத்து." அம்பலவாணன் அதே மூச்சில் முத்துராணியிடம் திரும்பினார். "திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளுக்கு அளவெடுத்துக்கோ. ரெடிமேடு சரிப்படாதுன்னு கமிட்டியில சொல்லிட்டேன்."

எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. முத்துராணி கோட்டை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக் கூடத்து மேசையில் பரப்பினாள். பதினோரு கொக்கிகளையும் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மாட்டி, கக்கத்துத் திறப்பை விரலால் நீவி மறைத்தாள். கைகள் இரண்டையும் பின்னால் மடக்கி, இடுப்பில் ஒரு மடி மடித்து, நாடா வெளியே தெரியும்படி கழுத்தை விலக்கி வைத்தாள். ஆவுடைநாயகம் வரிசையைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். குருபிரசாத் பழுப்புத்தாளை விரித்துப் பிடித்தான். அவள் கோட்டை இரண்டு கைகளிலும் ஏந்தி அதன்மேல் வைத்தாள்.